எலிகளின் இட ஞாபகத்தை அளவிடும் முறை

ஒரு பிராணி தான் இரை கண்ட இடத்தையும், அவ்விடத்தை அடையும் வழியையும் கற்று நினைவிற் கொள்ளும் ஆற்றல் இட ஞாபகம் எனப்படும். மூளை நோய்களால் மனிதன் இழக்கும் திறன்களுள் இதுவும் ஒன்று. எனவே, இதனைக் காக்கவல்ல மருந்துகளை ஆராய்வோர், முதற்கண் எலிகளிடத்தே இதனைப் பிழையின்றி அளத்தல் வேண்டும்.

1901-ஆம் ஆண்டில் ஸ்மால் என்பார் எலிகளைப் புதிர்வழியில் ஓடவிட்டு ஆராய்ந்தார். எலி வெறும் திருப்பங்களை மட்டும் பழகுவதன்று. இடத்தின் அமைப்பையே மனத்தில் ஒரு படமாகக் கொள்கிறது என்று டோல்மன் 1948-இல் விளக்கினார்.

1976-இல் ஆல்ட்டனும் சாமுவேல்சனும் எட்டுக் கைப் புதிர்வழியை வெளியிட்டனர். நடுவில் ஒரு மேடை. வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல அதிலிருந்து எட்டுப் பாதைகள் பிரியும். இதன் ஒரு வகையில், நான்கு பாதைகளின் முனையில் மட்டும் நாள்தோறும் இரை வைக்கப்படும். இங்கு இருவகைப் பிழைகள் நேரும். என்றும் இரையில்லாத பாதையில் நுழைதல் நிலைஞாபகப் பிழை. அன்று இரையை உண்டு முடித்த பாதையிலேயே மீண்டும் நுழைதல் செயல்ஞாபகப் பிழை.

உதாரணமாக, 1, 3, 4, 6 ஆகிய பாதைகளில் இரை உள்ளதெனக் கொள்வோம். எலி 1, 4, 2, 6, 4, 3 என்னும் வரிசையில் நுழைகிறது. 2-இல் நுழைந்தது முதல் வகைப் பிழை. 4-இல் மறுமுறை நுழைந்தது இரண்டாம் வகைப் பிழை.

பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் நிலையத்தினர் இம்முறையைக் கையாண்டுள்ளனர். நாளொன்றுக்கு 6 மணி வீதம் 21 நாட்கள் அசையவொட்டாமல் அடைக்கப்பட்ட எலிகள், ஏனைய எலிகளைக் காட்டிலும் கற்றலில் பின்தங்கின. நீடித்த மன உளைச்சல், மூளையில் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியைத் தாக்குவதும் ஆய்வுகளால் தெரியவந்துள்ளது.

1981-இல் மோரிஸ் நீர்த்தொட்டி முறையை வெளியிட்டார். வட்டமான தொட்டியில், கலங்கிய நீருக்குச் சற்றுக் கீழே ஒரு மேடை மறைந்திருக்கும். எலி, சுவரிலும் அறையிலும் காணும் அடையாளங்களைக் கொண்டு அதனை நீந்திக் கண்டுபிடித்தல் வேண்டும். பயிற்சி முடிந்தபின் மேடையை அகற்றிவிட்டு, எலி எப்பகுதியில் அதிக நேரம் தேடுகிறது என்பதைக் கணக்கிடுவர்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியமாகும். தாமதிக்கும் எலியெல்லாம் மறந்த எலியன்று. கண்பார்வை மங்கியதாலோ, கால்கள் தளர்ந்ததாலோ, குளிரினாலோ, அச்சத்தினாலோ தாமதம் நேரலாம். வெண்ணிற எலிகளுக்கு இயல்பாகவே பார்வை குறைவு. எனவே மேடையை நீருக்கு மேல் தெரியுமாறு வைத்துத் தனியே ஒரு சோதனை செய்தல் வேண்டும். நீந்தும் வேகத்தையும் குறித்தல் வேண்டும். இதனைச் செய்யாது விடின், உடலைச் சோர்வுறச் செய்யும் மருந்து ஞாபகத்தைக் கெடுப்பதாகவும், வேகத்தை மட்டும் கூட்டும் மருந்து ஞாபகத்தை வளர்ப்பதாகவும் தவறாக முடிவு செய்ய நேரிடும். எட்டுக் கைப் புதிர்வழியில், முன்சென்ற எலியின் வாசனை வழிகாட்டாதிருக்கும் பொருட்டு, ஒவ்வொரு முறையும் பாதைகளைத் துடைத்தல் வேண்டும். அறையிலுள்ள அடையாளங்களை இடம் மாற்றலாகாது.

இந்தியாவில் இத்தகைய சோதனைகள் 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்திற்கு உட்பட்டவை. நிலையத்தின் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியின்றி நடத்தலாகாது. ஆசிரியர்கள் எலிகளின்றியே இப்பாடத்தை நடத்தலாம். கரும்பலகையில் எட்டுப் பாதைகளை வரைந்து, நுழைவு வரிசைகளைக் கொடுத்து, இருவகைப் பிழைகளையும் மாணவர்களைக் கொண்டே பிரித்தறியச் செய்தால், அளவீட்டின் நுட்பம் அவர்களுக்கு எளிதில் விளங்கும்.