கல் பார்க்கப் போகும் மருமகளுக்கு

கிளிநொச்சி,
தை மாதம்.

அன்புள்ள மருமகளுக்கு,

நீ அனுப்பிய பயணப் பட்டியல் கிடைத்தது. பத்து நாளில் மதுரை, இராமேசுவரம், கன்னியாகுமரி, பழனி, திருவண்ணாமலை, சிதம்பரம், தஞ்சாவூர், ஸ்ரீரங்கம், காஞ்சிபுரம், மாமல்லபுரம், ஊட்டி. ஊட்டி எப்படி இதற்குள் வந்தது என்று உன் தோழிகளைத்தான் கேட்க வேண்டும். இந்தக் கணக்கில் போனால் பகல் முழுக்கப் பஸ்ஸிலும் இரவு முழுக்க விடுதி தேடுவதிலும் போய்விடும். கோயில் வாசலில் எடுத்த படங்கள் மட்டும் மிஞ்சும்.

பழைய கட்டடங்கள் நிறைந்த ஒரு நாட்டுக்கு முதல் தடவை போகிறவர்கள் எல்லோருக்கும் வருகிற ஆசைதான் இது. மறுபடி எப்போது வாய்க்குமோ என்ற பயத்தில் எல்லாவற்றையும் அள்ளப் பார்ப்போம். இந்தியாவை அப்படி அள்ள முடியாது. தமிழ்நாட்டை மட்டும் எடுத்துக்கொண்டாலும் முடியாது. அதனால் ஒரேயொரு நூலைப் பிடித்துக்கொண்டு போ. சோழர் என்ற நூலைப் பிடி என்பது என் யோசனை. அதன் ஒரு முனை தஞ்சாவூரில் இருக்கிறது, மறுமுனை இங்கே நம் நாட்டில் இருக்கிறது. மற்ற ஊர்களை அடுத்த பயணத்துக்கு விடு. நீ உழைக்கிற பிள்ளை, அடுத்த பயணம் வரும்.

ஆகவே பயணத்தைப் பலாலி விமான நிலையத்தில் தொடங்காதே, பொலன்னறுவையில் தொடங்கு. போவதற்கு முன்னர் ஒரு வார இறுதியில் வவுனியா வழியாகப் போய்வந்துவிடலாம். இராசராசன் காலத்தில், 993 அளவில், சோழப் படை அனுராதபுரத்தை அடித்தது. 1017இல் அவன் மகன் இராசேந்திரனின் படை ஐந்தாம் மகிந்தனைப் பிடித்துக்கொண்டு போனது. பொலன்னறுவை சனநாதமங்கலம் என்ற பெயரில் சோழரின் தலைநகரானது. 1070இல் முதலாம் விசயபாகு அவர்களைத் துரத்தும் வரை அந்த ஆட்சி நீடித்தது. அங்கே 'இரண்டாம் இலக்கச் சிவ தேவாலயம்' என்று பெயர்ப்பலகை போட்டிருக்கும் சிறிய கற்கோயிலின் உண்மைப் பெயர் வானவன்மாதேவி ஈசுவரம். இராசராசனின் தேவி, இராசேந்திரனின் தாய், அவள் பெயரில் எழுந்த கோயில். முழுக்கக் கல்லால் ஆனது. அடித்தளத்திலும் சுவரிலும் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அதன் முன் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார். அந்தக் காலத்து எழுத்தில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. க, த, ப, ம என்று நாலைந்து எழுத்துப் பிடிபட்டால் கண் மெல்லப் பழகிவிடும். இந்தப் பழக்கத்தோடு தஞ்சாவூருக்குப் போகிறவளுக்கும் வெறுங்கண்ணோடு போகிறவளுக்கும் தெரிவது ஒன்றல்ல.

முடிந்தால் திருகோணமலைக்குப் போகும்போது பெரியகுளத்துக்குப் பக்கத்திலுள்ள வெல்கம் விகாரையையும் பார். அதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று சோழர் காலப் பெயர் உண்டு. பௌத்தப் பள்ளிதான். ஆனால் அங்கே விளக்கெரிக்கவும் மாடு கொடுக்கவும் எழுதிவைத்த கல்வெட்டுகள் தமிழில் இருக்கின்றன. இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு சொல்கிறேன்.

இனி நடைமுறைக் காரியங்கள். காலபோக அறுவடை முடிந்து, மாசி பிற்பகுதியிலோ பங்குனி முற்பகுதியிலோ போ. ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு அடிக்கிற அதே மழைதான் காவிரிக் கரையிலும் அடிக்கும். சித்திரைக்குப் பிறகு கோயில் கற்றளத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாது. சிவராத்திரியும் பிரதோசமும் கும்பிடுகிறவர்களுக்கு நல்ல நாட்கள், கல் பார்க்கிறவர்களுக்கு அல்ல, நாட்காட்டியைப் பார்த்துக்கொள்.

பலாலியிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் 2025 பங்குனியில் தொடங்கியது. சென்னைக்கும் விமானம் உண்டு. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல் 2023இல் தொடங்கியது. இடையில் நின்று, 2024 ஆவணியில் மறுபடி ஓடத் தொடங்கியது. கடல் குழம்பும் காலத்தில் அது ஓடாது. ஆகையால் நாள் நிச்சயித்த பிறகு ஒரு தடவைக்கு இரண்டு தடவை விசாரி. திருச்சியில் இறங்கினால் தஞ்சாவூர் ஏறத்தாழ 60 கிலோமீற்றர்தான். வீசாவுக்கு இந்திய அரசின் சொந்த இணையத்தளத்தில் நீயே விண்ணப்பி. 'நான் எடுத்துத் தருகிறேன்' என்று வருகிறவர்களிடம் கடவுச்சீட்டைக் கொடுக்காதே. விடுதிகளில் வெளிநாட்டார் விபரத்தைப் பதிவு செய்வார்கள், கடவுச்சீட்டும் வீசாப் பிரதியும் எப்போதும் கையில் இருக்கட்டும். தொல்லியல் துறை சீட்டு விற்கும் இடங்களில், மாமல்லபுரம் போல, சார்க் நாட்டவருக்கு இந்தியருக்குரிய கட்டணம்தான். கடவுச்சீட்டைக் காட்டி இலங்கை என்று சொல். இல்லாவிட்டால் வெள்ளைக்காரருக்குரிய காசை வாங்கிவிடுவார்கள்.

தஞ்சாவூரில் மூன்று இரவு, கும்பகோணத்தில் மூன்று இரவு தங்கு. பத்து நாளில் ஆறு நாள் காவிரிக் கரைக்குக் கொடுத்தால் போதும்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஒரு தடவை போதாது. விடியற்காலை ஒரு தடவை, வெயில் சாயும்போது ஒரு தடவை போ. உச்சிப் பொழுதில் நடை சாத்திவிடுவார்கள், பின்னேரம் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். இராசராசன் 1010 அளவில் முடித்த விமானம் ஏறத்தாழ 60 மீற்றர் உயரம். எல்லோரும் அண்ணாந்து அதையே பார்ப்பார்கள். வழிகாட்டி வந்து, கோபுர நிழல் தரையில் விழாது என்பான். சாயங்காலம் அங்கேயே நின்று பார், நிழல் விழும். வாசலில் இருக்கும் பெரிய நந்தி சோழர் காலத்ததல்ல, நாயக்கர் காலத்தது. மராட்டியர் வெட்டிய கல்வெட்டும் உள்ளே இருக்கிறது. ஒரு கோயில் ஒரே அரசனால் ஒரே நாளில் எழுந்ததல்ல என்பதை அங்கேயே தெரிந்துகொள்ளலாம்.

நீ அண்ணாந்து பார்த்து முடித்ததும் குனிந்து பார். கோயிலின் அடிப்பகுதி முழுக்க எழுத்து. அதில் என்ன இருக்கிறது தெரியுமா? கோயிலுக்கென்று கொண்டுவந்து குடியிருத்திய 400 ஆடல்மகளிரின் பெயர்கள் இருக்கின்றன. யார் எந்தக் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீட்டில் இருந்தாள் என்றுகூட எழுதியிருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, வருசம் 100 கலம் நெல். ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடு கொடுத்து, அதை மேய்த்து நெய் அளக்க வேண்டிய இடையனின் பெயரையும் எழுதியிருக்கிறார்கள். ஈழத்து ஊர்கள் சிலவற்றிலிருந்து அந்தக் கோயிலுக்குப் போக வேண்டிய வருவாயும் அங்கே வெட்டப்பட்டிருக்கிறது. நம் நாட்டு வயல் விளைச்சல் தஞ்சாவூருக்குக் கணக்கெழுதப்பட்ட கல் அது. அந்த வரியைப் படிக்கும்போது பெருமைப்படுவாயா, கோபப்படுவாயா என்று எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

தஞ்சாவூர் அரண்மனையிலுள்ள கலைக்கூடத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பார்த்துவிட்டு, கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சுவாமிமலைக்குப் போ. மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகம் வார்க்கும் வேலையை அங்கே பட்டறைகளில் இன்றும் செய்கிறார்கள். பொலன்னறுவையில் நிலத்திலிருந்து எடுத்த நடராசர்களும் அம்மன்களும் கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவை எப்படிப் பிறந்தன என்பதை அந்தப் பட்டறையில் நின்றால் விளங்கும்.

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு ஒரு முழு நாள் வை. அதைக் கட்டிய இராசேந்திரன்தான் இங்கே ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்தவன். தலைநகர் அழிந்துபோய்க் கோயில் மட்டும் வெளியில் தனியே நிற்கிறது. 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட அதன் மதிற்கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். திருகோணமலையில் நம் கோணேசர் கோயிலை இடித்த கல்லில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டியதை நீ படித்திருக்கிறாய், அது போலத்தான். கோயில் பார்த்த கையோடு இராசேந்திரன் வெட்டுவித்த சோழகங்கம் என்ற ஏரிக்கரைக்கும் போ; இன்று பொன்னேரி என்கிறார்கள். சுற்றுலாக்காரர் அங்கே போகமாட்டார்கள். ஆனால் இரணைமடுத் தண்ணீரில் விளைந்த நெல்லைச் சாப்பிட்டு வளர்ந்தவள் நீ. துருசு எங்கே, வான் எங்கே, கட்டு எவ்வளவு நீளம் என்று பார்க்கத் தெரிந்தவள். கோபுரத்தைப் போலக் குளமும் ஒரு பழைய கட்டடம்தான். வன்னியில் வவுனிக்குளத்தை வெட்டியவர்களின் பெயரைச் சொல்லும் கோபுரம் எதுவும் இல்லை, குளம் இருக்கிறது.

தாராசுரம் கும்பகோணத்திலிருந்து சில கிலோமீற்றர்தான். இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் கட்டியது. மூன்று கோயில்களிலும் சிறியது, நுணுக்கமும் அதிலேதான் அதிகம். சுவரின் கீழ்வரிசையில் அறுபத்துமூன்று நாயன்மாரின் கதைகள் சாண் உயரச் சிற்பங்களாக ஓடுகின்றன, பலவற்றின் மேலே தமிழில் சிறிய பெயர்க்குறிப்பும் உண்டு. ஆறுமுக நாவலரின் பெரியபுராண வசனத்தை ஒரு தடவை புரட்டிவிட்டுப் போ. பள்ளிக்கூடத்தில் சைவசமயப் பாடத்துக்கு மனப்பாடம் செய்ததற்கு அங்கே பலன் கிடைக்கும்.

மிச்ச நாளில் சென்னை வழியாகத் திரும்பினால் மாமல்லபுரத்தைப் பார்க்கலாம். பல்லவரின் வேலை, சோழருக்கு முந்தியது. கல்லைக் குடைந்தவர்கள் எப்படிக் கல்லை அடுக்கப் பழகினார்கள் என்று பார்க்க அதைவிட நல்ல இடமில்லை. மதுரையையும் மற்றதையும் விடு.

சில ஒழுக்கங்கள். தோள் மூடிய பருத்திச் சட்டை போடு. கைப்பேசியைப் பல கோயில்களில் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், சண்டை பிடிக்காதே. சிற்பத்தைத் தடவாதே, மேலே சாயாதே. உன் தமிழைக் கேட்டதும் 'சிலோனா?' என்பார்கள். அடுத்து யுத்தம் பற்றிக் கேட்பார்கள். விரும்பினால் சொல், விரும்பாவிட்டால் சிரித்துவிட்டு நட. வழிப்போக்கருக்கு வேடிக்கை காட்ட நீ போகவில்லை.

இப்போது, மேலே விட்ட விசயத்துக்கு வருகிறேன். நம் பக்கத்தில் ஒரு பழைய கல் வெளியே வந்தாலே, அது யாருடையது என்ற சண்டை தொடங்கிவிடுகிறது. நிலத்தில் கை வைப்பதற்குக் கல்லைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அந்தப் பயம் நமக்கு வீணாக வந்ததல்ல. ஆனால் அந்தப் பயத்தைச் சுமந்துகொண்டு கல்லைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நாகபட்டினத்தில் சிறீவிசய மன்னன் கட்டுவித்த சூடாமணி விகாரைக்கு, சிவபக்தனான இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். லெய்டன் செப்பேடுகளில் அது இருக்கிறது. வெல்கம் விகாரையில் தமிழர் புத்தருக்கு விளக்கேற்றினார்கள். அதே சோழப் படைதான் அனுராதபுரத்தையும் சூறையாடியது. இவை எல்லாம் ஒரே காலத்தில் நடந்தவை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மறைக்கிறவன், எந்த மொழி பேசினாலும், வரலாறு சொல்லவில்லை. வரலாறு படிப்பித்து ஓய்வுபெற்றவன் உனக்குத் தரக்கூடிய அறிவுரை இதுதான்: உன் பக்கத்துக்குச் சாட்சி தேடிக் கோயிலுக்குப் போகாதே. கல்லில் என்ன எழுதியிருக்கிறதோ அதை வாசி.

1990இல் நாங்கள் மன்னாரிலிருந்து படகில் அக்கரைக்குப் போனபோது எங்களிடம் கடவுச்சீட்டும் இல்லை, கோயில் பார்க்கும் மனநிலையும் இல்லை. அரிசிக்கும் பதிவுக்கும் வரிசையில் நின்றதுதான் நாங்கள் பார்த்த இந்தியா. நம் குடும்பத்தில் அந்த நாட்டைப் பார்ப்பதற்கென்றே போகிற முதல் ஆள் நீ. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். அவசரப்படாமல் பார்.

புறப்படுமுன் கடவுச்சீட்டின் பிரதி ஒன்றையும் விடுதிகளின் விலாசங்களையும் அம்மாவிடம் கொடுத்துவிடு. திருச்சியில் இறங்கியதும் முதலில் அவளுக்கு அழை, பிறகு எனக்கு அழைக்கலாம்.

அன்புடன்,
உன் மாமா.