வகுப்பில் யார் பேசுகிறார்கள்?

ஸ்ரீ விஜயபுரம் அந்தமானின் தலைநகரம். 2024 வரை இதன் பெயர் போர்ட் பிளேர். இங்கே அபர்தீன் கடைத்தெருவில் நின்று காது கொடுத்துக் கேளுங்கள். தமிழ் கேட்கும். வங்காளம் கேட்கும். தெலுங்கும் மலையாளமும் கேட்கும். ஆனால் வேறு வேறு மொழிக்காரர்கள் பேசிக்கொள்வது இந்தியில்தான்.

தமிழர்கள் பல காலமாக இங்கே வாழ்கிறார்கள். பிழைப்புத் தேடிக் கப்பல் ஏறி வந்தவர்கள் உண்டு. இலங்கையிலிருந்து திரும்பியவர்களும் உண்டு. 1964இல் இந்தியாவும் இலங்கையும் ஓர் ஒப்பந்தம் செய்தன. அதன்படி திரும்பியவர்களில் சில குடும்பங்கள் கச்சால் தீவுக்கு வந்தன. அங்கே ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தன.

வெளியே வேலைக்குப் போன ஆண்கள் இந்தியைக் காதால் கேட்டே கற்றார்கள். வீட்டிலேயே இருந்த பெண்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதனால் பெண்களுக்கு மொழி சீக்கிரம் வராது என்று சிலர் சொல்கிறார்கள். இது தவறு. சந்தையில் வியாபாரம் செய்யும் பெண்ணைப் பாருங்கள். இந்தியில் பேரம் பேசுவதில் அவர் யாருக்கும் சளைத்தவர் அல்ல. பேச இடம் கிடைத்தது. பேச்சு வந்தது.

எழுத்தறிவு வகுப்பிலும் இதே கதைதான். தொண்டர் ஒரு கேள்வி கேட்பார். முதலில் வருவது பெரும்பாலும் ஆண் குரல். ஒரு பெண்ணைப் பார்த்துக் கேட்டாலும் கணவர் முந்திக்கொள்வார். "அவளுக்குத் தெரியாதுங்க" என்பார். அவளுக்குத் தெரியும். மாமனார் வயதுப் பெரியவர் எதிரே இருக்கிறார். அவர் முன்னால் உரக்கப் படிக்கக் கூச்சம். அவ்வளவுதான். அவள் நோட்டைத் திறந்து பாருங்கள். எழுத்து வரிசையாக நிற்கும்.

படிக்க விரும்புவதும் ஒன்றாக இருப்பதில்லை. செய்தித்தாள் வேண்டும், விண்ணப்பம் எழுத வேண்டும் என்று ஆண்கள் கேட்பார்கள். பிள்ளையின் பாடம், மருந்துச் சீட்டு, வங்கிப் புத்தகம் என்று பெண்கள் கேட்பார்கள். எல்லோரும் இப்படியே என்று சொல்ல முடியாது. அவரவர் அன்றாட வேலைதான் ஆசையைத் தீர்மானிக்கிறது.

கடிதத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். முன்பு ஊர்க் கடிதம் வந்தால் படிக்கத் தெரிந்தவரைத் தேட வேண்டும். தாய் மகளுக்கு எழுதிய ரகசியத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் உரக்கப் படிப்பார். மகள் தலை குனிந்து கேட்பாள். பதிலையும் அவரிடமே சொல்லி எழுத வேண்டும். மாமியார் வீட்டுக் கஷ்டத்தை எப்படிச் சொல்வாள்? "நலம்" என்று எழுதச் சொல்வாள். இன்று செல்பேசியில் செய்தி வருகிறது. அதையும் வேறொருவர் படித்துச் சொன்னால் என்ன மாற்றம்?

2011 கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகளில் 100 ஆண்களில் 90 பேருக்கு எழுத்தறிவு இருந்தது. 100 பெண்களில் 82 பேருக்கு இருந்தது. நாடு முழுவதும் பெண்கள் பின்தங்கியே இருந்தார்கள். அதனால் 2009இல் மத்திய அரசு 'சாட்சர் பாரத்' திட்டத்தைத் தொடங்கியது. 7 கோடிப் பேருக்குக் கற்பிப்பது அதன் இலக்கு. அதில் 6 கோடிப் பேர் பெண்கள்.

பெண்கள் வகுப்பில் வாய் திறந்தால் என்ன ஆகும்? ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில் தூபகுண்டா என்ற ஊர் இருக்கிறது. அங்கே எழுத்தறிவுப் பாடத்தில் சீதம்மா என்ற பெண்ணின் கதை வந்தது. அது சாராயத்தைப் பற்றிய கதை. பெண்கள் படித்தார்கள். அதோடு நிற்கவில்லை. தங்கள் வீட்டுக் கதையைப் பேசினார்கள். கூலிப் பணம் எங்கே போகிறது என்று கேட்டார்கள். சாராயக் கடையை மூட வைத்தார்கள். 1992இல் போராட்டம் ஊர் ஊராகப் பரவியது. 1993இல் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது.

பேசிப் பாருங்கள்:
உங்கள் வகுப்பில் நேற்று யார் யார் பேசினார்கள்? பேசாமல் இருந்தவர் யார்?
இன்று வட்டமாக உட்காருங்கள். ஆளுக்கு ஒரு வரி படியுங்கள். ஒருவர் படிக்கும்போது மற்றவர் எடுத்துக் கொடுக்க வேண்டாம்.