தறியும் ஆலையும்

இயந்திரம் வந்தது, கைத்தொழில் அழிந்தது என்று தொழிற்புரட்சியின் கதையை ஒரே வரியில் கூறிவிடுவது வழக்கம். இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாளர் வாழ்வில் நடந்ததோ வேறு. அவர்களை இயந்திரம் முதலில் வாழ வைத்தது.

1733-இல் ஜான் கே என்பவர் விசைநாடாவை அமைத்தார். நெசவு விரைந்தது, நூல் போதவில்லை. அக்குறையைத் தீர்க்க 1760-களில் ஹார்கிரீவ்ஸும், 1769-இல் ஆர்க்ரைட்டும், 1779-இல் கிராம்ப்டனும் நூற்பு இயந்திரங்களை உருவாக்கினர். நூல் வெள்ளமெனப் பெருகியது. அதனை நெய்வதற்கு மட்டும் மனிதக் கை வேண்டியிருந்தது. கூலி உயரவே, உழவர்களும் கலப்பையை விட்டுத் தறியில் அமர்ந்தனர்.

விசைத்தறியை 1785-இலேயே கார்ட்ரைட் கண்டுபிடித்துவிட்டார். ஆயினும் அது செப்பமுறப் பல ஆண்டுகள் பிடித்தன. துன்பத்தின் வேர் இந்த இடைவெளியில்தான் இருந்தது. வரப்போவதை அறியாமல் மேலும் மேலும் குடும்பங்கள் கைத்தறியை நம்பின. பிரிட்டனில் 1813-இல் ஏறத்தாழ 2,400 ஆக இருந்த விசைத்தறிகள், 1833-இல் சுமார் ஒரு லட்சமாயின. கூலி சரிந்தது. சரிந்த கூலியை ஈடுசெய்ய நெசவாளர் இரவிலும் நெய்தனர். துணி மிகுந்து கூலி இன்னும் சரிந்தது!

ஆலைக்கே சென்றிருக்கலாகாதா? ஆலைகள் பெரிதும் நாடியது குறைந்த கூலிக்குக் கிடைத்த பெண்களையும் சிறுவரையும். தன் வீட்டில் தன் நேரத்துக்கு உழைத்துப் பழகியவனுக்கு ஆலைமணிக்கு அடங்குவதும் எளிதன்று. இவ்வாறு பிள்ளை ஆலையிலும் தந்தை வெறும் தறியிலுமாகப் பல இல்லங்கள் நிலைகுலைந்தன.

குறைந்தபட்சக் கூலி கோரிய மசோதாவை 1808-இல் நாடாளுமன்றம் ஏற்கவில்லை. 1811-இல் நாட்டிங்காம் பகுதியில் காலுறை பின்னும் சட்டங்களை உடைத்த லுட்டைட்டுகள் வேறு தொழிலினர். அவர்களை இயந்திரப் பகைவர் என்பது முழு உண்மையன்று; அச்சட்டங்கள் அவர்களுக்குத் தலைமுறைகளாகப் பழகியவையே. தரங்கெட்ட சரக்கையும் கூலிக் குறைப்பையுமே அவர்கள் எதிர்த்தனர். 1812-இல் இயந்திரம் உடைப்போருக்கு மரண தண்டனை விதிக்கும் சட்டம் வந்தது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் அதனை எதிர்த்துப் பேசியும் பயனில்லை.

1833-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பெரும்பாலான நெசவாலைகளில் வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. மேற்பார்வைக்கு நான்கு ஆய்வாளர்களையும் அமர்த்தியது. வீட்டுத்தறியில் இருந்தவனுக்கு அதில் எதுவும் இல்லை. 1835-இல் கூலி மசோதா மீண்டும் வந்து, மீண்டும் தோற்றது. முதியவர்கள் தறியோடு தறியாக இருந்து மறைந்தனர். அவர்தம் பிள்ளைகள் அதில் அமரவில்லை.