சிரித்தாரா, புன்னகைத்தாரா? – ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் புன்னகைச் சொற்கள்



“ஆசிரியர் என்னைப் பார்த்துச் சிரித்தார்” என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது பலர் ‘த ரீச்சர் லாஃப்ட் அட் மீ’ என எழுதிவிடுகின்றனர். இவ்வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் இதன் பொருள் “ஆசிரியர் என்னைக் கேலி செய்து சிரித்தார்” என்பதாகும். அன்பு காட்டிய ஆசிரியர், வாசிப்பவருக்கு ஏளனம் செய்தவராகத் தோன்றுவார். எழுதவேண்டியது ‘த ரீச்சர் ஸ்மைல்ட் அட் மீ’ என்பதே.

பேச்சுத் தமிழில் ‘சிரித்தல்’ என்ற ஒரு சொல் இரண்டையும் குறிப்பதே இத்தவறுக்குக் காரணம். ஸ்பானிய மொழி உங்கள் பரீட்சைக்கு உரியதன்று. எனினும் அதனுடன் ஒப்பிட்டால் இவ்வேறுபாடு எளிதில் விளங்கும்.

1. சொல்லமைப்பு

தமிழ்: புன்மை + நகை = புன்னகை (சிறு சிரிப்பு).
ஸ்பானியம்: ரெயீர் = சிரித்தல்; சொன்ரெயீர் = புன்னகைத்தல். இது ‘கீழ்’ எனப் பொருள்படும் ‘சுப்’, ‘சிரித்தல்’ எனப் பொருள்படும் ‘ரிதேரே’ ஆகிய இலத்தீன் சொற்களின் சேர்க்கையிலிருந்து வந்தது.
ஆங்கிலம்: லாஃப், ஸ்மைல் என்பன ஒன்றுடனொன்று தொடர்பற்ற இரு சொற்கள்.

ஆங்கிலத்தில் ‘ஸ்மைல்’ வினையாகவும் பெயராகவும் வரும். ஸ்பானியத்தில் பெயர்ச்சொல் வேறு: சொன்ரிசா.

2. முன்னிடைச்சொல்

ஸ்பானியத்தில் ஒருவரைப் பார்த்துப் புன்னகைத்தல் ‘சொன்ரெயீர் ஆ’. ஒருவரைக் கேலி செய்து சிரித்தல் ‘ரெயீர்சே தே’. ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் ‘அட்’ என்பதே வரும். ஆகவே பொருளைப் பிரித்துக் காட்டுவது வினைச்சொல் மட்டுமே.

கவனிக்க: ஒரு பகிடியைக் கேட்டுச் சிரிப்பதற்கும் ‘லாஃப் அட்’ பொருந்தும். ஓர் ஆளைக் குறித்து வரும்போதே பெரும்பாலும் ஏளனப் பொருள் தரும்.

3. புன்னகையின் வகைகள்

கிரின் – பல் தெரிய, வாய் விரியப் புன்னகைத்தல். ஸ்பானியம்: சொன்ரெயீர் தே ஒரேஹா ஆ ஒரேஹா (காதிலிருந்து காதுவரை).
பீம் – மகிழ்ச்சியால் முகம் மலர்தல். ஸ்பானியம்: சொன்ரெயீர் ரதியாந்தே.
ஸ்மேர்க் – இறுமாப்புடன் புன்னகைத்தல். ஸ்பானியம்: சொன்ரெயீர் கொன் சுஃபிசியென்சியா.

தமிழைப் போலவே ஸ்பானியமும் இங்கு ஒரே வினையுடன் அடைமொழி சேர்க்கிறது. ஆங்கிலம் வினையையே மாற்றுகிறது. எனவே தமிழ் அடைமொழியைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்காது, பொருத்தமான வினையைத் தெரிவுசெய்க.

4. மரபுத்தொடர்

கிரின் அண்ட் பெயார் இட் – துன்பத்தை வெளிக்காட்டாது பொறுத்துக்கொள்ளல். ஸ்பானியத்தில் இதற்கு நெருங்கிய பழமொழி ‘ஆ மால் தியெம்போ, புவேனா காரா’. அதாவது கெட்ட காலத்துக்கு நல்ல முகம் காட்டு.

பயிற்சி

பொருத்தமான ஆங்கில வினையைத் தெரிவுசெய்க.

(அ) குழந்தை என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தது.
(ஆ) பெறுபேற்றைக் கண்ட தாய் முகம் மலர்ந்து நின்றார்.
(இ) அவன் சறுக்கி விழுந்ததும் எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரித்தனர்.
(ஈ) தோற்ற அணியைப் பார்த்து அவன் இறுமாப்புடன் சிரித்தான்.

விடைகள்: (அ) ஸ்மைல் (ஆ) பீம் (இ) லாஃப் (ஈ) ஸ்மேர்க்

நினைவிற் கொள்க: ‘சிரித்தார்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதுமுன் இரு வினாக்களைக் கேளுங்கள். ஒலி எழுந்ததா? அச்சிரிப்பில் இருந்தது அன்பா, ஏளனமா?