கைத்தொலைபேசியும் குடும்ப உறவும்

மாலையில் எங்கள் ஊர் வீடொன்றின் விறாந்தையை எட்டிப் பாருங்கள். கோடைக் காலமாயின், ரொறன்ரோவில் காலை ஒன்பது மணியாகும்போது இங்கே மாலை ஆறரை. அம்மம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கைத்தொலைபேசியை முகத்துக்கு நேரே பிடித்திருக்கிறார். அவர் ஒருநாளும் மடியில் வைத்துக் கொஞ்சாத பேத்தி திரையிலே சிரிக்கிறாள். அதே வேளையில் பேரன் மூலையில் இன்னொரு கைத்தொலைபேசியில் மூழ்கியிருக்கிறான். அம்மம்மா கூப்பிட்டது அவன் காதில் விழவில்லை. ஒரே கருவி தூரத்திலிருப்பவரை அருகே அழைக்கிறது. அருகிலிருப்பவரைத் தூர விலக்குகிறது. இது ஏன் என்று சற்றுச் சிந்திப்போம்.

தூரத்தை வென்ற சாதனம்

1983 இன் பின்னர் எம்மவர் பல்லாயிரவர் கடல்கடந்து சென்றனர். 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயின. வெளிநாட்டுக் கடிதம் வந்துசேரப் பல வாரங்கள் சென்றன. பிரிந்தவரின் சுகசெய்தியைச் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தினர் கொண்டுவந்து கொடுத்ததும் உண்டு. அந்நாட்களைக் கண்ட எவரும் வட்ஸ்அப்பையும் வைபரையும் வீண் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட மாட்டார். தாயின் இறுதிச் சடங்குக்கு வரமுடியாத மகன் திரையிலாவது அவள் முகத்தைக் கண்டு அழுகிறான். அது சிறிய ஆறுதலன்று.

ஒரு பொய்யின் பயணம்

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். 2018 பெப்ரவரி 26 ஆம் நாள் அம்பாறையில், ஓர் உணவகத்தின் உணவில் மலட்டு மருந்து கலக்கப்படுகிறது என்ற வதந்தி எழுந்தது. முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அந்தப் பொய் முகநூல் வழியாக நாடெங்கும் பரவியது. உணவிலிருந்தது வெறும் மாக்கட்டியே என்று பின்னர் பரிசோதனையில் தெரியவந்தது. ஆனால் அதற்குமுன், மார்ச் மாதத் தொடக்கத்தில், கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனிய பகுதிகளில் வீடுகளும் கடைகளும் எரிந்துவிட்டன. மார்ச் 7 ஆம் நாள் அரசு முகநூல், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை நாடு முழுவதும் முடக்கியது. 2020 இல் முகநூல் நிறுவனம், வன்முறைக்குத் தனது தளம் துணைபோனமைக்காக வருத்தம் தெரிவித்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எங்கோ சிலர் பரப்பிய பொய்யின் விளைவாக, யாழ்ப்பாணத்து அம்மம்மாவின் திரையிலிருந்தும் பேத்தியின் முகம் சில நாட்கள் மறைந்தது. பொய் அதனைப் பரப்பியவரோடு நின்றுவிடுவதில்லை.

வேறுபாடு எங்கே?

கருவி ஒன்றுதான். ஆயினும் மகன் தாயோடு பேசும்போது, சொல்லுக்குப் பின்னால் அறிந்த ஒருவர் நிற்கிறார். தான் சொன்னதற்கு அவர் பொறுப்பேற்பார். கைமாறிக் கைமாறி வரும் செய்திக்கோ அப்படி ஒருவருமில்லை. மேலும், முகநூல் போன்ற தளங்களுக்கு வருமானம் பெரும்பாலும் விளம்பரத்தினால் வருகிறது. நாம் எவ்வளவு நேரம் பார்க்கிறோமோ அவ்வளவுக்கு அவற்றுக்கு இலாபம். ஆகவே எம்மைப் பிடித்து நிறுத்தக்கூடியதே முன்னே வைக்கப்படுகிறது. கோபமும் அச்சமும் எம்மை விரைவாகப் பிடித்துவிடும் என்பதை நாம் அறிவோம்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, ஒரு செய்தியை அனுப்புமுன் உங்களையே கேளுங்கள்: இதனை அயலவரின் படலையடியில் நின்று, அவர் முகத்தைப் பார்த்து, என் பெயரால் சொல்வேனா? சொல்லமாட்டேனாயின், அனுப்பவும் வேண்டாம்.

இரண்டாவது, சாப்பாட்டு வேளையில் வீட்டிலுள்ள கைத்தொலைபேசிகள் யாவும் ஓரிடத்தில் இருக்கட்டும். இவ்விதி பிள்ளைகளுக்கு மட்டுமன்று, பெற்றோருக்குமே.

மூன்றாவது, சண்டையைத் திரையில் வளர்க்காதீர்கள். மனத்தாங்கல் இருந்தால் நேரில் செல்லுங்கள். தூரமாயின் குரலிலே பேசுங்கள். எழுத்து சுடும், குரலில் இருக்கும் தழுதழுப்பு அதில் தெரியாது.

வாசகரே, இன்றிரவு இதனை வீட்டாரோடு பேசிப் பாருங்கள். மூலையிலிருக்கும் பேரனை அம்மம்மாவின் அருகே இருத்துங்கள். ரொறன்ரோப் பேத்தியோடு இருவரும் சேர்ந்தே பேசட்டும். அழைப்பு முடிந்தபின் கைத்தொலைபேசியை வைத்துவிட்டு, அம்மம்மாவிடம் அவன் ஒரு பழங்கதை கேட்கட்டும்.