விழுந்த பல்லுக்கு மாற்றுப் பல்: எது யாருக்குப் பொருந்தும்?



"வயசாச்சு, பல்லு போச்சு, இனி என்ன இருக்கு?" என்று பெரியவர்கள் சொன்னால் நாமும் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறோம். நன்னா கறியை ஒதுக்கிவிட்டு ஆணத்தை மட்டும் சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுகிறார். நன்னி காய், பழம், சுண்டல் எதையும் தொடுவதில்லை. கஞ்சி, இட்லி, டீயில் நனைத்த ரொட்டி என்றே நாள் கழிகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்தச் சாப்பாடே கேடு. ஆகவே மாற்றுப் பல்லை அழகுக்கான செலவு என்று ஒதுக்காமல், உணவுக்கும் உடல்நலத்துக்குமான தேவையாக நாம் பார்க்க வேண்டும்.

பல் விழுந்த இடத்தை ஆண்டுக்கணக்கில் காலியாக விடுவதாலும் தொல்லை உண்டு. பக்கத்துப் பற்கள் அந்த இடைவெளியை நோக்கிச் சாயும். எதிர்த் தாடையின் பல் மெல்ல இறங்கி வரும். பல்லைத் தாங்கிய தாடை எலும்பும் கரையத் தொடங்கும். முதல் ஓராண்டில்தான் இது அதிகம். எலும்பு குறையக் குறைய, பின்னால் எந்தப் பல் வைப்பதும் கடினமாகும். கடைவாயின் கடைசியில் இருக்கும் ஞானப்பல் போனால் மட்டும் பொதுவாக மாற்று வைக்கத் தேவையில்லை.

இன்று மூன்று வழிகள் உள்ளன.

ஒன்று, கழற்றி மாட்டும் பல்செட். சில பற்களுக்கும் செய்யலாம், முழு வாய்க்கும் செய்யலாம். அறுவை சிகிச்சை வேண்டாம், செலவும் குறைவு. மேல்செட் அண்ணத்தில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். கீழ்செட் நாக்கின் அசைவால் சற்று ஆடும். முதல் சில வாரங்கள் உமிழ்நீர் அதிகம் ஊறும், பேச்சு குழறும், பழகினால் சரியாகிவிடும். மென்மையான உணவை இரு பக்கமும் வைத்து மென்று பழக வேண்டும். இரவில் கழற்றிக் கழுவித் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். வெந்நீரில் போட்டால் வடிவம் மாறிவிடும். ஈறு சுருங்குவதால் சில ஆண்டுகளில் செட் தளரும்; அப்போது மருத்துவர் உட்புறத்தைச் சரிசெய்து தருவார். அரத்தால் தேய்ப்பதும் கடைப் பசையால் ஒட்டுவதும் கூடாது.

இரண்டு, பிரிட்ஜ். காலியிடத்தின் இருபுறமும் உள்ள பற்களைச் செதுக்கிக் கேப் போட்டு, நடுவில் செயற்கைப் பல்லைப் பாலம்போல் இணைப்பார்கள். கழற்ற வேண்டியதில்லை, சில வாரங்களில் வேலை முடியும். ஆனால் நல்ல பற்களைச் செதுக்க வேண்டியிருக்கிறது. பாலத்தின் அடியில் நாள்தோறும் சுத்தம் செய்யாவிட்டால் தாங்கும் பற்களும் சொத்தையாகும். பக்கத்துப் பற்களே ஆடினால் இந்த வழி பொருந்தாது.

மூன்று, இம்பிளான்ட். தாடை எலும்பில் டைட்டானியம் திருகைப் பதித்து, அதன் மேல் பல் வைப்பது. டைட்டானியம் எலும்போடு ஒட்டி இணையும் தன்மையைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர் பிரோனமார்க் 1950களில் கண்டார். 1965இல் முதல் நோயாளிக்கு வைத்தார். பக்கத்துப் பல்லைத் தொட வேண்டியதில்லை, மெல்லும் வலுவும் நன்றாக இருக்கும். பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். செலவு மிக அதிகம். கட்டுப்படாத சர்க்கரையும் புகைப்பழக்கமும் இதைத் தோற்கச் செய்யக்கூடும். எலும்புத் தேய்மானத்துக்கோ ரத்தம் உறையாமலிருக்கவோ மருந்து எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தாமாக மருந்தை நிறுத்தக் கூடாது. கீழ்செட் நிற்காத முதியவர்களுக்கு, இரண்டே இம்பிளான்ட் வைத்து அதன்மேல் செட்டை மாட்டும் முறையும் உண்டு.

மருத்துவ உதவி கேட்டு வரும் குடும்பங்களுக்கு நாம் சொல்வது இதுதான்: விலை உயர்ந்ததே எல்லோருக்கும் சிறந்தது என்று எண்ணாதீர்கள். வட்டிக்குக் கடன் வாங்கி இம்பிளான்ட் வைப்பதைவிட, அளவு சரியாக எடுத்துச் செய்த பல்செட் எவ்வளவோ மேல். பல்செட் அணிவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் குறைந்த செலவில் செய்து தருகிறார்கள். நாலைந்து முறை போக வேண்டியிருக்கும், பொறுமை வேண்டும்.

ஒரே நாளில், சில நூறு ரூபாயில், கழற்ற முடியாத பல் ஒட்டித் தருவதாகச் சொல்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். பிளாஸ்டிக் மாவையும் கம்பியையும் பக்கத்துப் பற்களோடு சேர்த்து ஒட்டிவிடுகிறார்கள். அதன் அடியில் உணவு அழுகி, ஈறு புண்ணாகி, இருந்த நல்ல பற்களும் போய்விடும்.

மார்க்க ரீதியான ஐயங்களும் சிலருக்கு உண்டு. பல்செட் அணிந்திருப்பதால் நோன்பு முறியாது. ஒளுவில் வாய் கொப்பளிப்பது ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் சுன்னத். அதற்காகச் செட்டைக் கழற்றுவது கட்டாயமில்லை. ஹனஃபி மத்ஹபில் கடமையான குளிப்பில் வாய் கொப்பளிப்பது ஃபர்ளு என்பதால், கழற்றக்கூடிய செட்டைக் கழற்றிக் கொப்பளிக்க வேண்டும். நிலையாகப் பொருத்திய பல்லுக்கு அந்தச் சட்டமில்லை. போரில் மூக்கை இழந்து, பொருத்திய வெள்ளி மூக்கில் துர்நாற்றம் ஏற்பட்ட அர்ஃபஜா (ரலி) அவர்களுக்குத் தங்க மூக்கு வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி அபூதாவூத், திர்மிதீ நூல்களில் உள்ளது. இழந்த உறுப்புக்கு மாற்று வைக்க அது நமக்குச் சான்று. மேலும் விளக்கம் வேண்டுவோர் நம் இமாமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இந்த வாரம் வீட்டுப் பெரியவர்கள் தட்டில் எதை ஒதுக்குகிறார்கள் என்று கவனியுங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள்: எந்தெந்த வழிகள் பொருந்தும்? பராமரிப்பு உட்பட மொத்தச் செலவு எவ்வளவு? எத்தனை முறை வர வேண்டும்? தளர்ந்தாலோ உடைந்தாலோ என்ன செய்வது? தனியே போய்வர இயலாத முதியவர்கள் இருந்தால் நம் அலுவலகத்தில் தெரிவியுங்கள். துணைக்கு ஆள் அனுப்ப நம்மால் இயன்றதைச் செய்வோம், இன்ஷா அல்லாஹ்.