பாட்டும் காதும்

பெங்களூரிலிருந்து ஓசூர் போகும் சாலையில் ஹெப்பகோடி இருக்கிறது. பக்கத்திலேயே பொம்மசந்திரா தொழிற்பேட்டை. தமிழ்நாட்டிலிருந்து வந்து வேலை செய்பவர்கள் இங்கே உண்டு. வேலை முடிந்தால் பாட்டுதான் துணை.

இருபது வயதில் மேளம் அதிர வேண்டும். பெரிய ஸ்பீக்கர் வேண்டும். நாற்பதில் பாட்டு வரி தெளிவாகக் கேட்டால் போதும். ஐம்பதைத் தாண்டினால் இளமையில் கேட்ட பாட்டையே மனம் தேடும். 1976-இல் 'அன்னக்கிளி' பாட்டில் மயங்கியவருக்கு, 1992-இல் வந்த 'ரோஜா' புது மாதிரி. அந்த ரோஜாவே இன்று பழைய பாட்டு!

ஏன் இப்படி? இளமையில் கேட்டது மனதில் ஆழமாகப் பதியும். இன்னொரு காரணம் காதுக்குள்ளே இருக்கிறது.

உள்காதில் மயிர் போன்ற நுண்ணிய செல்கள் உள்ளன. வயதாக ஆக அவை அழியும். மறுபடி முளைக்காது. கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் மறையும். ஜால்ரா ஒலி மங்கும். 'ச', 'ஸ' போன்ற ஒலிகள் குழம்பும். சிலர் டிரெபிள் குமிழைத் திருகிக் கூட்டுவார்கள். சிலர் 'இந்தக் காலத்துப் பாட்டில் வார்த்தையே புரியவில்லை' என்பார்கள். எல்லாப் பழியும் பாட்டின் மேல் இல்லை!

பிரஸ் மெஷின் ஓடும் இடத்தில் இது முப்பது வயதிலேயே வரலாம். சத்தத்தை டெசிபல் என்று அளப்பார்கள். 85 டெசிபல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம்தான் காது தாங்கும். 88 என்றால் 4 மணி நேரம். ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருக்கிறதா? அங்கே காதடைப்பான் இல்லாமல் நிற்காதீர்கள். கேட்டு வாங்குங்கள்.

ஷிப்ட் முடிந்த பிறகும் காது இரைகிறதா? அன்று ஹெட்போன் வேண்டாம். இரைச்சல் நாள்கணக்கில் நீடித்தால், ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் காதுப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.